உப்புப் போட்ட ஐஸ்

"சட்டி வெறுஞ்சட்டியாக் கிடக்கு. மருந்தை எங்க வெச்சீங்க?"

குசினியிலிருந்து மனைவி ரிப்கா கேட்டபோது இக்ராம் முற்றத்தில் மீன்பெட்டியின் மூடியைத் திறந்து கொண்டிருந்தான். நான்கு இன்சுலின் குப்பிகளும் வெளிறிப்போய்க் கிடந்தன. ஒன்றை எடுத்து ஆட்டினான். உள்ளே எதுவும் அசையவில்லை; மருந்து உறைந்திருந்தது.

மகாவலி பெருகி நான்காம் நாள். மின்சாரம் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் பாலம் ஆற்றோடு போயிருந்தது. குளிர்சாதனப் பெட்டி நின்ற அன்றே ரிப்கா குப்பிகளை மண்சட்டியில் வைத்து, சட்டியை ஈரத்துணியால் சுற்றி ஜன்னலோரம் வைத்தாள். துணி காயக் காய உள்ளே குளிரும், வீட்டுச் சூட்டிலும் இந்த மருந்து ஒரு மாதம் தாங்கும், பயப்படாதீங்க என்று சொல்லியிருந்தாள்.

அவன் பயந்தான். நேற்று அவள் லுஹர் தொழுதுகொண்டிருந்தபோது குப்பிகளை எடுத்து மீன்பெட்டியின் ஐஸுக்குள் புதைத்தான். ஐஸ் கொஞ்சந்தான் மிச்சம் இருந்தது. இன்னும் குளிரட்டும் என்று, சூரை மீனுக்குத் தூவுகிற மாதிரி உப்பும் தூவினான்.

ரிப்கா வந்து ஒரு குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பன்னிரண்டு வயதிலிருந்து ஊசியோடு வாழ்பவள். வெளியே வைத்துப் பாவித்த பழைய குப்பி நேற்றிரவு போட்ட ஊசியோடு முடிந்திருந்தது. இரண்டு நாளாகக் காய்ச்சல் வேறு.

"உப்புப் போட்டீங்களா?"

"ஓம். ரெண்டு கை. பிறகு ஐஸ் உருகுற மாதிரி இருந்திச்சு. இன்னும் ரெண்டு கை."

"என்ட பிள்ளைகளும் பரீட்சையில இதைத்தான் பிழை விடுறதுகள்." உயர்தர மாணவருக்குப் பௌதிகம் படிப்பிக்கும் குரல் அவளையறியாமல் வந்தது. "சும்மா ஐஸ் எண்டா உருகி முடியுமட்டும் பூச்சியத்திலதான் நிக்கும். உப்புப் பட்டா பூச்சியத்துக்குக் கீழயும் உருகும். உருகுறதுக்குச் சூடு வேணும். அதை எங்கயிருந்து எடுக்கும்? பக்கத்தில கிடக்கிறதிட்ட இருந்துதான்."

"உருகினா சூடேறுது எண்டு நினைச்சன்."

"சூடு ஏறாமலே வாங்குறது. அதுதான் மறைவெப்பம்."

"இப்ப இதை உருக்கினா?"

"தண்ணியெண்டா திரும்பத் தண்ணியாகும். இது பழுதாகிரும். போட்டாலும் வேலை செய்யுமோ எண்டு எனக்கே தெரியாது."

கல்யாணமான புதிதில் அவன் கொழும்புக்கு அனுப்பும் மீனுக்கு ஐஸைக் கண்மதிப்பில்தான் கொட்டுவான். அவள் ஒரு நாள் கலண்டர் தாளின் பின்புறத்தில் மீனின் தன்வெப்பக் கொள்ளளவை எழுதிக் கணக்குப் பார்த்தாள். இருபத்தெட்டுப் பாகையில் இருக்கும் நூறு கிலோ மீனைப் பூச்சியத்துக்கு இறக்க முப்பது கிலோ ஐஸ். வழிக்கு மட்டும் கொஞ்சம் கூடப் போட்டால் போதும். அந்தக் கணக்கை இறங்குதுறையில் அவன் சொல்லிப் பீற்றாத ஆளில்லை.

"மீனுக்கு உன்ட கணக்கை நம்பினன்," என்றான். "உனக்கு எண்டதும் நம்ப ஏலாமப் போச்சு."

அவள் தண்ணீர் குடித்தாள். விடிந்ததிலிருந்து அது ஐந்தாவது கோப்பை; சீனி ஏறத் தொடங்கியிருந்தது.

கரையில் இக்ராமின் தோணிப் பங்காளி, அவன் அண்ணனாக மதிக்கும் ஆதம்பாவா, எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"காக்கா, குடாவுக்கு அங்கால டவுனுக்குப் போய் மருந்து எடுத்திட்டு வரணும்," என்றான் இக்ராம்.

"உன்ட மாமியார் வீடா அது, நினைச்ச நேரம் போய் வாறதுக்கு? ஒருத்தரும் இறங்க வேணாமெண்டு நேவி சொல்லிட்டுப் போறான். போனாலும் திரும்பி வரக்குள்ள எதிர்காத்து. இண்டைக்கு வந்து சேர மாட்டாய்."

"அப்ப வாற கணக்கை விடுங்க." பின்னால் ரிப்கா கைப்பையோடு நின்றாள். "மருந்து இஞ்ச வரத் தேவையில்ல. நான் அங்க போறன்."

"இந்தக் கடல்ல உன்னை ஏத்த மாட்டன்," என்றான் இக்ராம்.

"நீங்க என்ட கணக்கை நம்பல்ல. நான் உங்கட கடலை நம்புறன். ஏறட்டா?"

ஆதம்பாவா எஞ்சினைத் தோளில் தூக்கினார். "ரெண்டு விசரையும் தனிய விட ஏலாது. நடங்க."

குடாவின் நடுவில் எஞ்சின் நின்றது. ஆதம்பாவா அதைக் கழற்றிப் பூட்டுவதற்குள் காற்று அவர்களை வெகுதூரம் தள்ளிவிட்டது. ரிப்கா முதலில் கடலுக்காக வாந்தி எடுத்தாள். பிறகு எடுத்தது கடலுக்காக அல்ல என்று இக்ராமுக்குத் தெரிந்தது. அவளுடைய மூச்சு ஆழமாகி, பழுத்த பழம்போல் மணத்தது. "கதை புள்ள, என்னோட கதை," என்று கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தான். டவுன் கரையின் கோணமலைப் பாறை மழைக்குள் தெரிந்தபோது அவள் கதைப்பதை விட்டிருந்தாள்.

பின்னேரம், அஸர் தொழுகை நேரம், அவளை முதுகில் சுமந்து ஆஸ்பத்திரிப் படியேறினான்.

சேலைன் ஏற்றி, ஊசி மருந்தும் ஏற்றினார்கள். பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார் டொக்டர். ராத்திரி கழிந்தது. மறுநாள் காலையில் ஒரு தாதி, வீட்டுக்குக் கொண்டுபோக இரண்டு புதுக் குப்பிகளை அவன் கையில் தந்து, ஐஸ் பெட்டி இருக்கிறதா என்று கேட்டாள்.

"வேணாம் மிஸ்," என்றான்.

தேநீர்க் கடையில் ஒரு சிறிய மண்சட்டி கேட்டு வாங்கினான். குப்பிகளை உள்ளே வைத்து, தன் சால்வையை நனைத்துச் சுற்றி, கட்டிலருகே ஜன்னலில் வைத்தான். துணி காய்ந்தபோதெல்லாம் கழற்றி நனைத்தான். ரிப்காவின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வராமல் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்றாவது தடவை சால்வையிலிருந்து நிலத்தில் சொட்டியது.

"பிழிஞ்சு சுத்துங்க," என்றாள் ரிப்கா, கண்ணைத் திறக்காமலே.