பதினேழாவது குறை

ஊர்த் தோட்டக் குழுவில் யாரும் யாரையும் பாராட்டக் கூடாது. ஆபீசர் போட்ட சட்டம் அது. வேலையில் இருந்த காலமெல்லாம் கடை கடையாக ஏறி இறங்கித் தராசில் குறை கண்டுபிடித்தவர், ஓய்வு பெற்றதும் கை சும்மா இருக்குமா? ஞாயிறுதோறும் ஒரு வீடு என்று முறை வைத்தார். பன்னிரண்டு பேரும் அந்த வீட்டுத் தோட்டத்துக்குள் போய் ஆளுக்கு ஒரு குறை சொல்ல வேண்டும். புதிய குறையாக இருந்தால் அவர் நோட்டில் எழுதிக்கொள்வார். சரிசெய்த குறையின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு விழும்.

இதனால் முகம் கொடுத்துப் பேசாதவர்கள் ஊரில் பெருகிவிட்டார்கள். மருந்துக்கடைக்காரரின் ரோஜாவைப் பார்த்து ஒருத்தர் "சோகை பிடிச்ச மாதிரி இருக்கு" என்று சொல்லப்போக, மூன்று மாதம் அவர் அந்த ஆளுக்கு இருமல் மருந்துகூட எடுத்துக் கொடுக்கவில்லை. ஆனாலும் ஒருவரும் குழுவை விட்டு விலகவில்லை. அடுத்த ஞாயிறு இன்னொருத்தர் வீட்டில் வாயைத் திறக்கலாமே, அந்த ருசியை யார் விடுவார்கள்.

நோட்டில் நீளமான பக்கம் டெய்லரக்காவுடையது. பதினேழு குறைகள், ஒன்றின் மேலும் கோடு கிடையாது. பின்சுவரை மறைக்கும் புதர், பறிக்காமல் பழுத்து மஞ்சளாகத் தொங்கும் கத்தரிக்காய், மக்கிப்போன மரக்கட்டை என்று போகும் பட்டியல். பதினேழாவது, பின்பக்கத்து மண்சுவரில் புதருக்கு மேல் தெரிந்த வெடிப்பு. அதைச் சொன்னது அவளுடைய அக்கா புருஷனேதான். அவர் கொத்தனார். "கொத்தனாரோட கொழுந்தியா வீட்டுச் சுவரு இந்த லட்சணத்துல இருந்தா எவன் எனக்கு வேலை குடுப்பான்?" என்று பன்னிரண்டு பேர் முன்னால் கேட்டுவிட்டார்.

"பாக்கலாம் மாமா" என்றாள் அவள். எல்லாக் குறைக்கும் அவளிடம் அந்த ஒரே பதில்தான். ரவிக்கை தைத்தால் ஒரு நூல் பிசகாதவள், சொந்தத் தோட்டத்தில் இப்படிச் சோம்பேறியா என்று ஊர் பேசிக்கொண்டது.

சோம்பேறித்தனமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அந்த வெடிப்புக்குள் கொசுத்தேனீ கூடு வைத்திருந்தது. கொட்டத் தெரியாத, எள் அளவுத் தேனீ. வெடிப்பின் அடியில், புதர் மறைவில், சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு மெழுகுக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும், அதுதான் வாசல். சாயங்காலம் தையல் மிஷினை மூடிவிட்டு, கண் எரிச்சலோடு அவள் புதருக்குப் பின்னால் முக்காலியைப் போட்டு உட்கார்வாள். ஒவ்வொன்றும் காலில் மஞ்சள் மகரந்தத்தை அப்பிக்கொண்டு வந்து இறங்கும். வாசலில் நிற்கும் காவல் தேனீக்கள் ஒதுங்கி வழி விடும். அதைப் பார்க்கும் அரை மணி நேரம்தான் அந்த நாளில் யாரும் அவளிடம் எதையும் பிரித்துத் தைக்கச் சொல்லாத நேரம்.

அதை அக்காவிடம்கூட அவள் மூச்சு விடவில்லை. காட்டினால் பன்னிரண்டு வாய் பன்னிரண்டு குறை சொல்லும். மற்றதையெல்லாம் சொல்லிவிட்டுப் போகட்டும், இதன் மேல் ஒருத்தர் நாக்கும் படக் கூடாது என்று ஐந்து வருஷமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள்.

பித்தப்பையில் கல் என்று அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி, வாசல் கேட்டின் சாவியை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனாள். ஆபரேஷன் முடிந்து, ஆறு நாள் கழித்து, இரண்டு மாதத்துக்குக் கனமான எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்ப, வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினாள். அன்று ஞாயிறு. கேட்டுக்கு முன்னால் குழுவே நின்றது.

ஆபீசர் நோட்டைப் பிரித்து நீட்டினார். அவளுடைய பக்கம் முழுக்கச் சிவப்புக் கோடுகள்.

"உடம்பு முடியாத மனுஷி. வீட்டுக்கு வந்தா ஒரு குறை இருக்கக் கூடாதுன்னு எல்லாரும் சேந்து முடிச்சிட்டோம். பதினேழும் சரி பண்ணியாச்சு" என்றார்.

அவள் அவர்களை விலக்கிக்கொண்டு உள்ளே நடந்தாள். புதர் இல்லை. விதைக்கு விட்டிருந்த கத்தரிக்காய் ஒன்றுகூட இல்லை. மரக்கட்டை கிடந்த இடத்தில் மணல் கொட்டிப் பரப்பியிருந்தார்கள். பின்பக்கத்துச் சுவர் சிமெண்டுப் பூச்சில் கண்ணாடி போல நின்றது. மாமாவின் வேலை, ஒரு மேடு பள்ளம் கிடையாது.

நடுவில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக ஏதோ அப்பியிருந்தது.

"அட, அதுக்குள்ள கறை பிடிச்சிருச்சா" என்று ஆபீசர் தோள் துண்டை எடுத்துத் துடைக்கப் போனார்.

"கைய எடுய்யா."

அந்த ஊரில் ஆபீசரை யாரும் அப்படிப் பேசியது கிடையாது. அவர் துண்டோடு அப்படியே நின்றார். கறை மெல்ல நெளிந்தது. மேயப் போன நேரத்தில் வாசல் அடைபட்டுப்போய், வீடு இருந்த இடத்தை மட்டும் மறக்காமல் சிமெண்டின் மேல் மொய்த்துக்கிடந்த தேனீக்கள் அவை.

"மாமா, எப்பப் பூசினீங்க?"

"வியாழக்கிழமை. ஏம்மா?"

"அதுல ஒரு குழாய் நீட்டிட்டு இருந்துச்சே, கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

"ஏதோ பிசின்னு சுரண்டிப் போட்டேன்."

மூன்று நாளாக உள்ளே ஒரு குடும்பமே மூச்சு முட்டிக் கிடக்கிறது. அவள் சுவரோரம் மாமா போட்டுவைத்திருந்த கருவிகளில் சுத்தியலை எடுத்து ஓங்கினாள். தோளுக்கு மேல் கை எழவில்லை. தையல் போட்ட இடம் சுரீரென்று இழுக்க, சுத்தியல் காலடியில் விழுந்தது. அக்கா ஓடிவந்து பிடித்தாள். அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"நீங்க அடைச்சதை நீங்களே திறங்க மாமா. பூசின கைதானே, இடிக்கவும் வரும்ல. தேனீ மேல பட்டுச்சுன்னா நடக்கிறதே வேற."

கொத்தனாருக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஊர் பார்க்க, தன் பூச்சைத் தானே உடைக்க எந்தக் கொத்தனாருக்கு மனசு வரும்? அவர் உளியை எடுத்து, கறுப்புத் திட்டுக்கு ஒரு விரல் கீழே வைத்து மெதுவாகத் தட்டினார். சிமெண்டு சில்லுச் சில்லாக உதிர்ந்தது.

"நீ ஒரு வார்த்தை சொல்லவே இல்லையேடி" என்றாள் அக்கா. "சொல்லியிருந்தா தொட்டிருப்போமா?"

அது உண்மைதான் என்று அவளுக்கு உறைத்தது. தான் ஒளித்துவைத்ததால்தான் அந்தக் குழாய் மாமாவின் கண்ணுக்குப் பிசினாகத் தெரிந்திருக்கிறது. உறைத்ததில் கோபம் இன்னும் ஏறியது.

"சாவியக் குடு" என்றாள்.

"உனக்கு உடம்பு முடியாத நேரத்துல..."

"முடியலைன்னா முடியாமலே கிடக்கறேன். குடு."

உளி சட்டென்று உள்ளே இறங்கியது. கொத்தனார் அதை உருவிவிட்டுப் பின்னால் நகர்ந்தார். துளையிலிருந்து புளிப்பும் இனிப்புமாக ஒரு வாசனை வந்தது. வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு உடம்பெல்லாம் சிமெண்டுத் தூசியோடு ஒன்று ஊர்ந்து வந்து விளிம்பில் நின்றது. அதற்குப் பின்னால் இரண்டு. வெளியே மொய்த்துக்கிடந்த கூட்டம் கலைந்து, ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போகத் தொடங்கியது. அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பாத்தாச்சுல்ல, எல்லாரும் வெளிய போங்க."

போனார்கள். அக்கா சாவியை அவள் கையில் வைக்காமல் கேட்டோரத் திண்டின் மேல் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். கடைசியாக ஆபீசர் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றார்.

"அஞ்சு வருஷமா உங்க தோட்டத்துக்கு வந்து போறோம். ஒரு தடவை எங்களுக்குக் காட்டியிருக்கலாமேம்மா."

"காட்டியிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க ஆபீசர்?"

அவர் பொய் சொல்லிப் பழகாதவர். நிஜமாகவே யோசித்துப் பார்த்தார்.

"வாசல் கோணலா இருக்குன்னு சொல்லியிருப்பேன்" என்றார்.

அவள் கேட்டைச் சாத்திப் பூட்டினாள்.