புதன்கிழமை ஈரத் தலை

ஈரத் துணியை மாற்றிக்கொண்டு சம்பூர்ணம் வயலுக்கு ஓடி வந்தபோது, லோகாம்பாள் கற்பூரத் தட்டோடு வரப்பில் நின்றிருந்தாள். நடவுப் பெண்கள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காத்திருந்தார்கள். முதல் நாற்று முடியைப் பிரித்துச் சம்பூர்ணம்தான் ஊன்ற வேண்டும். அவள் கை வைத்த வயலில் பதர் விழாது என்று வயல்காரர் துரைக்கண்ணு வீட்டில் ஒரு நம்பிக்கை. கூரம் கிராமத்தில் எத்தனையோ பெண்கள் இருக்க, அவர் மனைவி லோகாம்பாள் நடவுக்கு நடவு அவளுக்குத்தான் ஆள் அனுப்புவாள். சம்பூர்ணம் அதை வெளியில் சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் அவளுடையது என்று இருந்த பெருமை அது ஒன்றுதான்.

ஏரிக்கரையில் ஓலை வேய்ந்த சின்ன ஜெபக் கோயிலுக்குப் போன வருஷத்திலிருந்து அவள் போய்வந்தாள். பாப்டிஸ்டு சபை. தலையில் தண்ணீர் தெளித்தால் அவர்களுக்குப் போதாது, ஆள் முழுசாக முங்கி எழவேண்டும். அதனால் ஊரில் அதற்கு 'முழுக்குக் கோயில்' என்றே பேர். ஏரி வறண்டு கிடந்ததால், காஞ்சிபுரத்திலிருந்து சைக்கிளில் வரும் போதகர், துரைக்கண்ணுவின் பம்புசெட்டுத் தொட்டியைக் கேட்டிருந்தார். "தண்ணிதானே, முங்கிக்கங்க" என்று துரைக்கண்ணுவும் சொல்லிவிட்டார். நடவுக்காகத் தொட்டி நிரம்பிய அந்தப் புதன்கிழமை விடியலில், சம்பூர்ணமும் பக்கத்து வீட்டுப் பூவம்மாளும் அதில் இறங்கினார்கள்.

"நாலு பேர் எதிரில் கேட்டால், நான் ஆண்டவருடையவள் என்று மறைக்காமல் சொல்வாயா?" என்று போதகர் கேட்டார். "சொல்லுவேன் ஐயா" என்றாள். அவர் தலையைத் தாங்கி அவளைத் தண்ணீருக்குள் சாய்த்தார். எழுந்தபோது கரையில் பாடிக்கொண்டிருந்தவர்களின் முகம் எல்லாம் அன்றைக்குத்தான் பார்ப்பதுபோல் இருந்தது. அது நடந்து இன்னும் வெயில்கூட ஏறவில்லை.

"இன்னாடி, தலை சொட்டிக்கினு இருக்குது? இன்னிக்கு புதன்கெழமதானே?" என்றாள் லோகாம்பாள்.

பெண்கள் தலைக்கு ஊற்றிக்கொள்வது செவ்வாயும் வெள்ளியும். மற்ற நாளில் ஒருத்தியின் தலை ஈரமாக இருந்தால் ஊருக்குத் தெரிந்து இரண்டே காரணம்: சாவு, இல்லாவிட்டால் மாதவிலக்கான தூரம். சம்பூர்ணம் தட்டைப் பார்த்தாள். கற்பூரம் இன்னும் ஏற்றப்படவில்லை. உண்மையைச் சொன்னால் தட்டு வேறொருத்தி பக்கம் திரும்பும். 'கோயிலுக்கு வேணும்னா போ, வேலையக் கெடுத்துக்காத' என்று புருஷன் சொல்லியிருந்தது ஞாபகம் வந்தது.

"தூரம்மா. மூணாம் நாளு. தலைக்கு ஊத்திக்கினேன்."

யோசிக்கக்கூட இல்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது. காலையில் தொட்டிக்கரையில் பாடிய இரண்டு பெண்கள் அந்த வரிசையிலேயே நின்றார்கள். இருவரும் குனிந்து நாற்றைப் பார்த்தார்கள். பின்னாலேயே வந்து சேர்ந்திருந்த பூவம்மாளின் காதிலும் அது விழுந்தது.

லோகாம்பாள் ஓர் அடி பின்வாங்கினாள். "அடிப்பாவி! மூணாம் நாளே வயல்ல காலு வப்பியா? நாத்து கருகிப் போவும்டி. போ, அந்தப் பனமரத்தாண்ட நில்லு." பிறகு பூவம்மாளைப் பார்த்தாள். "உனக்கு இன்னாடி ஈரம்? உனக்கும் தூரமா?"

பெண்கள் சிரித்துவிட்டார்கள்.

"எனக்கு அது நின்னு வருஷக்கணக்கா ஆவுதும்மா" என்றாள் பூவம்மாள். "உங்க தொட்டியிலதான் முங்கினேன். முழுக்குக் கோயில்காரி ஆயிட்டேன். வேணாம்னா சொல்லுங்க, போயிடறேன்."

லோகாம்பாள் திட்டட்டும், துரத்தட்டும் என்று சம்பூர்ணத்தின் மனம் வேண்டிக்கொண்டது. துரத்தினால்தான் தான் சொன்ன பொய்க்கு ஒரு நியாயம் கிடைக்கும்.

"நீ எங்க முங்கினா எனக்கின்னாடி? உடம்பு சுத்தமாத்தானே இருக்குது? வா, மொத முடிய நீயே வை."

"கற்பூரத்துக்குக் கும்பிட மாட்டேம்மா."

"உன்ன யாரு கும்பிடச் சொன்னது? அத நான் பாத்துக்கறேன். நீ குனிஞ்சி நடு."

பூவம்மாள் குனிந்தாள். அவள் பின்னால் வரிசை முழுதும் குனிந்தது. பனைமரத்தடியில் நின்ற சம்பூர்ணத்துக்கு ஓடிப்போய்ச் சொல்லிவிடலாம் என்றிருந்தது. ஆனால் முங்கினேன் என்று இப்போது சொன்னால், பொய் சொன்னேன் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வீட்டுக்குப் போகவும் கால் வரவில்லை. வெயில் ஏறித் தலைமுடி காய்ந்தது. காலையில் முங்கிய அந்த ஈரம் காயக் காய அவளுக்கு என்னவோபோல் இருந்தது.

உச்சிவேளையில் பெண்கள் கரையேறினார்கள். பூவம்மாள் கூழ்ச் சொம்போடு பனைமரத்தடிக்கு வந்து, ஒரு கை தூரத்தில் நின்றாள்.

"அக்கா..." என்றாள் சம்பூர்ணம்.

"பேசாத. அங்கேர்ந்து பாத்துக்கினு இருக்காங்க. கைய ஏந்து."

தூரமான பெண்ணுக்கு ஊற்றுவதுபோலவே, சொம்பை உயரத் தூக்கி, விரல்கூடப் படாமல் ஊற்றினாள். காப்பாற்றுகிறாளா, குத்திக்காட்டுகிறாளா என்று குரலில் தெரியவில்லை. கூழ் விரலிடுக்கில் ஒழுகி முழங்கைவரை ஓடியது. சம்பூர்ணம் நிமிராமல் குடித்தாள். சொம்பு காலியான பிறகும் ஏந்திய கைகளை அவள் இறக்கவில்லை. பூவம்மாளின் சேறு அப்பிய இரண்டு பாதங்கள் எதிரில் அப்படியே நின்றுகொண்டிருந்தன.