கிரேஸ் டீச்சரின் மாத்திரை டப்பா

பாளையங்கோட்டையில் கணக்கு டீச்சர் கிரேஸுக்கு இரண்டு பெருமைகள். அவளிடம் படித்த பிள்ளை ஒன்றுகூடக் கணக்கில் தோற்றதில்லை. அவள் வீட்டு பிஸ்கட் டப்பாவில் மாத்திரை தீர்ந்ததும் இல்லை. டாக்டர் எழுதிக்கொடுக்கும் ஆன்டிபயாடிக்கைக் காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிட்டு, மீதியை அதில் போட்டு வைப்பாள். தனக்கு எது வந்தாலும் அதிலிருந்து இரண்டு விழுங்குவாள். தெருவில் யாருக்குத் தொண்டை கட்டினாலும் இரண்டு எடுத்துக் கொடுப்பாள். கொடுக்கும்போது ஒரு மிதப்பு.

இந்தமுறை வந்தது நீர்க்கடுப்பு. டப்பாவில் இருந்த எதற்கும் அது மசியவில்லை. குளிர்காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தாள்.

டாக்டர் ரீபா, அவள் சிறுநீரில் இருந்த கிருமியை வளர்த்துப் பார்த்த சோதனைத் தட்டின் படத்தைக் காட்டினார். மருந்து தோய்த்த வில்லைகளை நடுநடுவே வைத்திருந்தும், கிருமி பாசிபோலத் தட்டு முழுக்கப் படர்ந்திருந்தது. ஒரே ஒரு வில்லையைச் சுற்றி மட்டும் வெறுமை.

“அந்த ஒண்ணுக்குத்தான் சாவுது டீச்சர். அதை ஊசியாத்தான் போடணும். அரைகுறையா மருந்து முழுங்கினா நோஞ்சான் கிருமி செத்துப்போகும். தாக்குப்பிடிச்சது பெருகிரும். அதுக்கப்புறம் அந்த மருந்து அதை ஒண்ணும் செய்யாது.”

கிரேஸ் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து சொன்னாள்: “எங்கிட்ட படிச்சது எது தோத்திருக்கு?”

வீடு திரும்பிய அன்றே பக்கத்து வீட்டு சுகன்யா வந்து நின்றாள். “அக்கா, தொண்டை வலிக்கி. டப்பால இருந்து ரெண்டு தாங்களேன்.”

கிரேஸ் செருப்பை மாட்டினாள்.

“வாட்டி, டாக்டர்ட்ட போவோம். கிருமிக்கு டியூஷன் எடுக்கதை விட்டாச்சு.”