அக்கா சுவிட்ச்

அபாய மணி அலறியபோது, பாதுகாப்பு விதிகள் எழுதும் குழுவின் பதினொரு பேரும் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை.

ஒருவர் பேனாவுக்கு மூடி போட்டார். இன்னொருவர் காதைக் குடைந்துகொண்டே, சும்மா சோதித்துப் பார்க்கிறார்கள் போலிருக்கிறது என்றார். மின்வாரியக்காரர் அந்த அலறலுக்கும் மேலே குரலை ஏற்றி, பாதியில் விட்ட பேச்சை முடிக்கப் பார்த்தார். தீப்பிடித்தால் எத்தனை நிமிடத்தில் கட்டடம் காலியாக வேண்டும் என்று ஊருக்கெல்லாம் அட்டவணை போட்டுக் கொடுத்த ஆட்கள் இவர்கள்தான். கடைசியில் தீயணைப்பு அதிகாரி நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார்.

"மணி அடிச்சா எந்திரிக்கணும்னு எழுதினதே நாமதான். எந்திரிங்க சார்."

வகுப்பில் பிடிபட்ட பிள்ளைகள் மாதிரி எல்லோரும் எழுந்தார்கள். குழுவின் செயலாளரான அவள்தான் கடைசியாக எழுந்தாள். அவளைப் பொறுத்தவரை மணி அடித்தது நல்லதாகப் போயிற்று. பதினாலாம் பிரிவை நீக்கிவிடலாமா என்று தலைவர் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். பத்துப் பேர் நீக்கலாம் என்று சொல்லியாகிவிட்டது. பதினொன்றாவது ஆளாக அவள் வாய் திறப்பதற்குள் மணி முந்திக்கொண்டது.

ஐந்து மாடிப் படிகள். முன்னால் போனவரின் வழுக்கையைப் பார்த்துக்கொண்டே இறங்கினாள். பயமும் இல்லை, படபடப்பும் இல்லை. பல் டாக்டரிடம் ஊசி போட்டுக்கொண்டு வந்தால் கன்னம் யாருடையதோ போல இருக்குமே, நான்கு வாரமாக அவளுக்கு உள்ளே எல்லாமே அப்படித்தான் இருந்தது. தொட்டால் தொட்டது தெரிகிறது, வலிப்பது தெரியவில்லை.

கூரைமேல் சோலார் பேனல் வைப்பதற்கான பாதுகாப்பு விதிப் புத்தகம் அது. நூற்றுப் பத்துப் பக்கம். அதில் பதினாலாம் பிரிவு மட்டும் அவளுடையது. சோலாரில் ஒரு தொல்லை உண்டு. கீழே மெயினை அணைத்தாலும், மேலே வெயில் இருக்கும்வரை பேனலிலிருந்து வரும் கம்பியில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். வெயிலை அணைக்க யாராலும் ஆகாது. மின்சாரம் ஓடும்போது இணைப்பைப் பிடுங்கினால், பிரிந்த இரண்டு முனைக்கும் நடுவில் நெருப்பு பாலம் கட்டிக்கொண்டு நிற்கும். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் சோலார் மாட்டும் வேலையில் இருந்த அவளுடைய தம்பி அப்படித்தான் பிடுங்கினான். வலது கையில் இரண்டு விரல்கள் போயின, மூன்று ஒட்டிக்கொண்டன.

அதிகாரிகள் போய்ப் பார்ப்பதற்குள் ஒப்பந்தக்காரர் பேனல், கம்பி எல்லாவற்றையும் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். மருத்துவமனைக் கட்டிலில் அவன் சொல்லச் சொல்ல, அவள்தான் வாக்குமூலம் எழுதினாள். பக்கத்தில் அணைக்கிற மாதிரி ஒரு சுவிட்ச்கூடவா இல்லை என்று கேட்டாள். அவன் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே இல்லை என்று தலையாட்டினான். அந்தத் தலையாட்டலைத்தான் அவள் மூன்று வருடம் கூட்டம் கூட்டமாகத் தூக்கிக்கொண்டு அலைந்தாள். எல்லாக் கூரையிலும், பேனலிலிருந்து கை எட்டும் தூரத்தில், அணைக்கும் சுவிட்ச் ஒன்று கட்டாயம். பதினாலாம் பிரிவு என்று அது அச்சேறிய அன்று, சோலார் மாட்டும் பையன்கள் அதற்கு அக்கா சுவிட்ச் என்று பெயர் வைத்துவிட்டார்கள். கடையில் போய், "அக்கா சுவிட்ச் நாலு குடுங்க" என்று கேட்கிற அளவுக்கு அது ஊன்றிப் போயிற்று. அவளுக்கு உள்ளூரப் பெருமைதான். யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.

இப்போது அந்த சுவிட்சுகள் எரிகின்றன. மழைத் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. வெயிலில் மூடி வெடிக்கிறது. வருடக்கணக்கில் யாரும் தொடாததால் உள்ளே பச்சைக் களிம்பு பூத்து, சூடேறி, ஒருநாள் பற்றிக்கொள்கிறது. ஐந்து வருடத்தில் நாற்பத்தொரு கூரைத் தீ. அதில் இருபத்தொன்பது அந்த சுவிட்சிலிருந்து கிளம்பியவை. கணக்கெடுத்துத் தொகுத்தவளும் அவளே. இருபத்திரண்டாவது வரிசையில், மாடி அறையில் மதியத் தூக்கத்தில் இருந்த ஒரு முதியவர். 'உயிரிழப்பு: ஒன்று' என்று அடித்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போனாள். ஒரு நொடி நிற்காமல் போய்விட்டோமே என்று பிறகுதான் உறைத்தது. அன்றிலிருந்துதான் இந்த மரத்துப்போன கன்னம்.

கீழே வண்டி நிறுத்துமிடத்தில் எல்லோரும் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்கள். மூன்றாம் மாடி அலுவலகத்தில் யாரோ ரொட்டியைக் கருக விட்டிருக்கிறார்கள் என்று செய்தி வந்தது. விதி எழுதுகிறவர்களை விரட்ட ஒரு துண்டு ரொட்டி போதும் என்று தலைவர் சிரித்தார். ஓய்வு பெற்ற பேராசிரியர் அவர். யாரையும் நோகடிக்கத் தெரியாதவர். அவளைத் தனியே அழைத்து, நாளைக் காலை பத்து மணிக்கு மறுபடி கூடலாம், அதுவரை யோசியுங்கள் என்றார். யோசிக்க என்ன இருக்கிறது என்பது இருவருக்குமே தெரியும். குழுவின் வழக்கப்படி ஒரே ஒருவர் ஆட்சேபித்தாலும் பிரிவு நிற்கும். நின்றால் புத்தகம் முழுக்கத் துணைக்குழுவுக்குத் திரும்பும். குறைந்தது ஒன்றரை வருடம். அதுவரை தினமும் ஏதாவது ஒரு கூரையில், விதிப்படி, ஒரு சுவிட்ச் ஏறிக்கொண்டே இருக்கும்.

கோளாறு சுவிட்சில் இல்லை, மாட்டுகிற விதத்தில்தான் இருக்கிறது என்று அவள் காலையில் வாதாடியிருந்தாள். மூடி போடச் சொல்லி எழுதலாம், கம்பியைக் கீழ்ப்பக்கமாக நுழைக்கச் சொல்லி எழுதலாம். தீயணைப்பு அதிகாரி எதிர்த்துக்கூடப் பேசவில்லை. அதெல்லாம் ஏற்கெனவே எழுதித்தானே இருக்கிறது மேடம் என்று மட்டும் சொன்னார்.

சோலார் மாட்டுபவர்களின் சங்கத்திலிருந்து வருகிறவர் அவள் பக்கத்தில் வந்து நின்றார். இருபது வருடம் கூரையிலேயே கிடந்து பின்கழுத்து கறுத்துப்போன மனிதர். அந்தப் பெயரை வைத்ததே அவருடைய ஆட்கள்தான். கொஞ்ச நேரம் வெயிலைப் பற்றிப் பேசினார். பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இப்பல்லாம் பசங்க அதை அக்கா சுவிட்சுன்னு சொல்றதில்ல மேடம்."

"வேற எப்படிச் சொல்றாங்க?"

"விடுங்க."

"பரவால்ல, சொல்லுங்க."

"கொள்ளிக்கட்டைங்கறாங்க."

அவள் தலையை ஆட்டினாள். சுருக்கென்று ஏதாவது தைக்கும் என்று ஒரு நிமிடம் காத்துப் பார்த்தாள். தைக்கவில்லை. அவருக்குத்தான் முகம் செத்துப்போயிற்று. சின்னப் பசங்க, வாய்க்கு வந்ததைப் பேசுவாங்க என்று மென்று விழுங்கினார்.

சாயங்காலம் அவள் வீடு திரும்பியபோது தம்பி ஜன்னலோரம் மேஜையில் இருந்தான். அந்த வீட்டில் அக்காவும் தம்பியும் இரண்டே பேர். கை போன பிறகு கூரை வேலையும் போயிற்று. இப்போது ஒரு துணி துவைக்கும் இயந்திரக் கம்பெனிக்காக வீட்டிலிருந்தே தொலைபேசியில் பதில் சொல்கிறான். காதில் மாட்டியிருந்த கருவியில் யாரோ பொரிந்து தள்ளுவது வாசல்வரை கேட்டது. அவன் குரல் மட்டும் எண்ணெய் போட்டாற்போல் ஓடியது.

"மூடி சரியா சாத்தியிருக்கா பாருங்கம்மா. இல்லம்மா, நீங்க சாத்தலன்னு நான் சொல்லவே இல்ல. ஒரு தடவை அமுக்கிப் பாருங்க. சுத்துதா? அவ்வளவுதாம்மா."

அழைப்பு முடிந்ததும் திரும்பி, இன்றைக்கு இது பதினேழாவது மூடி என்றான். பதினேழு பேரும் சாத்திவிட்டதாகச் சத்தியம் செய்தார்களாம். அவள் சிரித்தாள். அவன் இடது கையால் தேநீரை ஊற்றி அவள் பக்கம் நகர்த்திவிட்டு, முகத்தைப் பார்த்தான்.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி வந்திருக்க?"

சொன்னாள். நான்கு வாரமாக மூடி வைத்திருந்ததை ஒரேயடியாகச் சொன்னாள். நாற்பத்தொன்று, இருபத்தொன்பது, இருபத்திரண்டாவது வரிசை, மாடி அறை. கொள்ளிக்கட்டையையும் விடவில்லை. அலுவலகத்தில் அறிக்கை வாசிப்பது போலவே குரல் வந்தது. பதினாலாம் பிரிவு என்று பேச்சு எடுத்தாலே தண்ணீர் குடிக்க எழுந்து போகிறவன், இன்று எழவில்லை. காதிலிருந்த கருவியைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். அடுத்த அழைப்பு வந்து அது முனகியது. எடுக்கவில்லை.

"அந்தப் பெரியவருக்கு என்ன வயசு?" என்று கேட்டான்.

"எழுபத்தாறு."

ஒட்டிய மூன்று விரல்களையும் மேஜை விளிம்பில் தேய்த்துக்கொண்டே இருந்தான். வெளியே யாரோ வண்டியை நிறுத்திப் பூட்டும் சத்தம் கேட்டது. தேநீரில் ஆடை படிந்துவிட்டது.

"நாளைக்குப் பத்து மணிக்கு நான் சரின்னு சொன்னாப் போதும், எடுத்துடுவாங்க," என்றாள் அவள். "சொல்ல வாய் வரலடா. அதை எடுத்துட்டா, உனக்கு நடந்தது நடக்கவே இல்லங்கற மாதிரி ஆயிடும். அந்த சுவிட்ச் ஒண்ணு மட்டும் அன்னைக்கு இருந்திருந்தா உன் கை இருந்திருக்கும். அதை நினைச்சுத்தான நான் ஒவ்வொரு எழுத்தா எழுதினேன்?"

கருவி இன்னொரு தரம் முனகி ஓய்ந்தது. அவன் அவளைப் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்துக்கொண்டு, வாடிக்கையாளரிடம் பேசுகிற அதே அலுங்காத குரலில் சொன்னான்.

"எடுத்துடச் சொல்லிடுக்கா. அன்னைக்கு அந்தக் கூரையில சுவிட்ச் இருந்துச்சு. நான்தான் அணைக்கல."