கால் பிஸ்கட்

காலையில் எழுந்ததும் அவன், மனைவி வாந்தியெடுத்திருந்த வாளியைக் கழுவினான். தண்ணீர் கொதிக்க வைத்தான். அவள் முகத்தை ஈரத்துணியால் துடைத்தான். ரொட்டித் துண்டொன்றைப் பாலில் நனைத்து நீட்டினான். அவள் வாய்வரை கொண்டுபோய்விட்டுத் திருப்பித் தந்தாள். அதை அவனே தின்றுவிட்டுக் கிடங்குக்குக் கிளம்பினான்.

அங்கே சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுவது அவன் வேலை. கம்பெனியின் காப்பீட்டு அட்டையில்தான் அவள் வயிற்றுப் புற்றுக்கு மருந்து ஏறிக்கொண்டிருந்தது. மருந்து ஏறிய பிறகு அவளால் எதையும் விழுங்க முடியவில்லை. எடை இன்னும் இறங்கினால் மருந்தை நிறுத்திவிடுவோம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அவள் தம்பி கஞ்சாவைச் சிகரெட்டில் அடைத்துக் கொண்டுவந்தான். இரண்டு இழுப்பில் குமட்டல் அடங்கியது. "பசிக்குதுங்க" என்றாள். அதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. ஆபரேஷன் செய்த இடத்தை இரு கைகளாலும் அழுத்திக்கொண்டு, கண்ணில் நீர் வழிய இருமினாள்.

அடுத்த முறை தம்பி கஞ்சா கலந்த பிஸ்கட் கொண்டுவந்தான்.

"புகைச்சா டக்குனு ஏறும், டக்குனு இறங்கும். தின்னா அப்படியில்ல மாமா. லேட்டாத்தான் வரும். வந்தா லேசுல விடாது."

"எவ்வளவு குடுக்கணும்?"

"அது பாத்துக் குடுக்கணும்."

"யாருக்குக் குடுத்துடா பாக்கறது?"



நாலு நாள் விடுமுறையின் முதல் நாளில் கணவன் தானே பாதி பிஸ்கட்டைத் தின்றான். அவள் படுக்கையிலிருந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரமாகியும் ஒன்றும் ஆகவில்லை.

"உன் தம்பி நல்லா ஏமாந்திருக்கான். இது வெறும் பிஸ்கட்டு" என்று மீதியையும் தின்றான்.

பிறகுதான் வந்தது. சுவர் மெல்ல மூச்சுவிட்டது. நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டியது. நெஞ்சு அடித்துக்கொண்டதில் சாகப்போகிறோம் என்றே நினைத்தான். தரையில் உட்கார்ந்து கட்டில் காலைப் பிடித்துக்கொண்டான். அவள் எழுந்து உட்கார்ந்து அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்னை விட்டுடாத."

"நோயாளி நானா, நீங்களா?" என்று கேட்டவள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

தெளிந்த பிறகு அவளுக்குக் கால் பிஸ்கட் கொடுத்தான். நேரம் கழித்து வேலை செய்தது. ஒரு கிண்ணம் சோறு சாப்பிட்டாள். வாளி காலியாகவே இருந்தது. அடுத்த முறை எடை பார்த்த டாக்டர், மருந்தைத் தொடரலாம் என்றார்.

அந்த வாரம் கிடங்கில் வேறொரு டிரைவர் வண்டியை இடித்து, சரக்கு அடுக்கும் ராக் ஒன்றைச் சாய்த்துவிட்டான். போதைச் சோதனைக்கு எல்லா டிரைவர்களிடமும் சிறுநீர் வாங்கினார்கள். இடித்தவன் முந்தின நாள் இரவெல்லாம் குடித்தவன். அவனுக்கு ஒன்றுமில்லை என்று வந்தது.

கஞ்சா என்று வந்த ரிப்போர்ட்டோடு சூப்பர்வைசர் இவனைத் தனியே கூப்பிட்டார்.

"என்னப்பா இது? நீயா?"

"போன வாரம் லீவுல சார். மறுநாள் சாயங்காலமே தெளிஞ்சிடுச்சு. தெளிஞ்சு ரெண்டு நாள் கழிச்சுத்தான் வண்டியத் தொட்டேன்."

"உன் வண்டிய நான் பாத்துட்டுதானே இருக்கேன். ஆனா குடிச்சது போயிடும், இது உடம்புலயே தங்கும். எப்ப தின்னேன்னு டெஸ்டுக்குத் தெரியாது."

"வீட்டுக்காரிக்காகத்தான்னு எழுதித் தரட்டுமா சார்?"

"எழுதினா வீட்டுக்குப் போலீஸ் வரும். நீ சொல்லவும் இல்ல, நான் கேக்கவும் இல்ல. வண்டிச் சாவிய வச்சுட்டுப் போ."

அடுத்த மருந்துக்குப் போனபோது கவுண்டரில் இருந்த பெண் காப்பீட்டு அட்டையை இரண்டு முறை தேய்த்தாள். "இது க்ளோஸ் ஆயிடுச்சே சார்" என்று கண்ணாடியின் கீழே தள்ளிவிட்டாள்.

அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரியில் மருந்துக்குக் காத்திருப்போர் வரிசை நீளமாக இருந்தது. அவர்கள் முறை வருவதற்குள் அவள் எழுந்து நிற்க முடியாதவளாகிவிட்டாள். படுக்கை இல்லை என்று வராந்தாவில் ஸ்ட்ரெச்சரிலேயே கிடத்தினார்கள். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் அதில் இடித்துக்கொண்டு போனார்கள். அவன் ஒரு கையால் அதை அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் கூப்பிட்டாள். குனிந்தான். அவள் கடைசியாகச் சொன்னது இதுதான்:

"கம்பெனியில போய், நான்தான் உங்களுக்குத் தெரியாம கலந்து குடுத்துட்டேன்னு சொல்லிடுங்க. என்னைய யாரு வேலையை விட்டுத் தூக்கப்போறாங்க?"