கூரை அறுத்த பென்ஸ்

யாழ்ப்பாணத்தில் கண் ஒப்பரேசன் முடித்து, ஐந்து நாள் கழித்து வேலணைக்கு வந்தேன். முற்றத்தில் என் கார் நின்றது. அதன் கூரையைக் காணவில்லை. டொக்டர்தான் கண்ணில் ஏதோ பிழை விட்டுவிட்டார் என்று முதலில் நினைத்தேன்.

கூரை கிணற்றடியில் மல்லாந்து கிடந்தது. அதற்குள் தேங்கிய மழைத்தண்ணீரைக் கோழிகள் குடித்துக்கொண்டிருந்தன.

கனடாவிலிருந்து வந்திருந்த என் அண்ணன் வசீகரன் கதிரையில் இருந்தபடியே சிரித்தார். "எப்பிடி இருக்கு, ரூபி? இனி இது திறந்த கார். ரோட்ஸ்டர். நீ வந்து பாத்துச் சந்தோசப்படுவாய் எண்டுதான் சொல்லாமல் செய்விச்சனான்."

அப்பா குருநாகலில் கடை வைத்திருந்தபோது வாங்கிய இரண்டு கதவு பென்ஸ் அது. ஆண்பிள்ளை என்று அண்ணனின் பெயரில் எழுதிவிட்டுப் போனார். யுத்தம் முடிந்தபின் அதை இங்கே கொண்டுவந்து, எலி கடித்த வயர்களை மாற்றி, பதினைந்து வருடமாகத் தீவுப்பகுதிக் கலியாணங்களுக்கு ஓட்டுகிறவள் நான். அண்ணன் அதற்கு ஒரு ரயர்கூட வாங்கித் தந்ததில்லை.

"கேக்காமல் ஏன் வெட்டினனீங்கள்?"

"என்ர கார்தானே. ட்ரோனில எடுக்கேக்க பொம்பிளை மாப்பிள்ளை வடிவாத் தெரியவேணும். மூடின காரை இப்ப ஆர் விரும்பினம்?"

எங்கள் பக்கத்தில் தாலி கட்டியதும் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குக் கால்மாறிப் போகவேண்டும். கலியாண வீட்டில் அவளுக்கு அழக்கூட ஒரு மூலை கிடைக்காது. அறைக்குள் அலங்காரம் செய்கிறவர்கள், வாசலில் வீடியோக்காரர், சமைக்கிற குசினி முழுக்கச் சொந்தக்காரர். என் காரின் பின் சீற்றில்தான் அவளுக்கு அரைமணித்தியாலம் கிடைக்கும். நான் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, பின்னால் பார்க்கிற கண்ணாடியை மேலே திருப்பிவிடுவேன். அழுகிறவர்கள் அழுவார்கள். சண்டை கொழுவுகிறவர்கள் கொழுவுவார்கள். காதில் விழுந்ததை நான் ஒருநாளும் வெளியே விட்டதில்லை. பெண்பிள்ளைகள் இந்தக் காரைத் தேடி வந்தது அதற்காகத்தான். கனடாவில் இருக்கிறவருக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

கூரையை வெட்டியதும் கார் நடுவில் தொய்ந்துபோக, அடியில் இரும்புச் சட்டம் வைத்து ஒட்டியிருந்தார்கள். அப்படியும் இடப்பக்கக் கதவு முழங்காலால் இடித்தால்தான் பூட்டியது.

அடுத்த வெள்ளிக்கிழமை நிலக்சனாவின் கலியாணம். அனலைதீவுப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற பிள்ளை. இரண்டு மாதத்துக்கு முன்பே என்னிடம் வந்து காரைச் சொல்லிவைத்திருந்தாள்.

"அன்ரி, கலியாண எழுத்து முடிஞ்சு விசாவும் வந்திட்டுது. கலியாணம் முடிஞ்ச கையோட மாப்பிள்ளை வீட்டார் என்னைப் பிரான்சுக்குக் கூட்டிக்கொண்டு போகப்போகினம். அம்மாவுக்குப் புற்றுநோய்க்கு மருந்து ஏத்தி முடிய இன்னும் எட்டு மாசம் இருக்கு. அதுக்குமுன்னம் என்னால போகேலாது எண்டு நான் அவரிட்டைச் சொல்லவேணும். போன் எடுத்தால் மாமி ஸ்பீக்கரில போடுறா. தனியக் கேட்டால் அவர் ஓம் எண்டுவார். மாமி பக்கத்தில நிண்டால் வாயே திறக்கமாட்டார்."

இப்போது அவளுக்குப் போன் எடுத்து, கூரை இல்லை, வேறு கார் பிடியும் என்றேன். அதற்கும் வழியில்லை. அண்ணன் படம் எடுத்து மாப்பிள்ளையின் தாய்க்கு அனுப்பியிருந்தார். அந்த மனுசி இந்தக் கார்தான் வேண்டும் என்று நின்றாராம். ட்ரோனும் சொல்லியாயிற்றாம்.

ஊர்காவற்றுறைக் கோயிலில் தாலி ஏறியதும் மண்டைதீவுக்கு வெளிக்கிட்டோம். மேலே ட்ரோன் இரைந்தது. பின்னால் வந்த வான் வண்டியில் மாப்பிள்ளையின் தாயும் அண்ணனும். பக்கத்தில் மோட்டார் சைக்கிளில் வீடியோக்காரர். நிலக்சனா கூறைச்சேலையைக் காற்றுக்குப் பறக்காமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மாப்பிள்ளை அனோஜன் பக்கம் திரும்பினாள்.

"நான் உங்களிட்ட ஒரு விசயம்…"

"அக்கா, இஞ்ச பாத்துச் சிரியுங்கோ," என்றார் வீடியோக்காரர்.

அவள் சிரித்தாள். வேலணைச் சந்தியில் மறுபடி தொடங்கினாள். கடைக்காரர்கள் கைகாட்டினார்கள், அதற்கும் சிரிக்கவேண்டி வந்தது. அல்லைப்பிட்டியில் மூன்றாம் முறை வாயைத் திறந்தபோது ட்ரோன் தலைக்குமேல் வந்து நின்றது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மண்டைதீவுக்கு இன்னும் பத்து நிமிடம்தான். அங்கே வாசலிலேயே ஆலாத்தி எடுக்க நூறு பேர் நிற்பார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. வலப்பக்கம் இன்னாசித்தம்பி அண்ணையின் லொறிக் கராஜ் திறந்து கிடந்தது. காரை நேராக உள்ளே விட்டேன்.

"அண்ணை, வெளிய வந்து சட்டரை இறக்குங்கோ."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. பொம்பிளை மாப்பிள்ளையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். சட்டரை இறக்கிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனார். காரை விட்டு இறங்கி வெளியே வந்திருந்த நான், ஒரு வாளியைக் கவிழ்த்துச் சட்டருக்கு முன்னால் அதன்மேல் இருந்தேன்.

வான் வந்து நின்றது. அண்ணன் ஓடிவந்தார். "என்ன, காருக்குப் பழுதோ?"

"ஓம். கூரை இல்லை."

"விசரே உனக்கு? சனம் பாத்துக்கொண்டு நிக்குது."

"வடிவாப் பாக்கட்டும். அதுக்குத்தானே வெட்டினனீங்கள்."

மாப்பிள்ளையின் தாய் இறங்கி வந்தார். நல்ல நேரம் பத்தரையோடு முடிகிறதாம். சட்டரைத் தட்டினார். "தம்பி, என்ன உள்ளுக்க? வெளியால வா."

உள்ளேயிருந்து அனோஜனின் குரல் கேட்டது. "அம்மா, நிலக்சனாவின்ர பிளேன் ரிக்கற்றை மாத்தவேணும். நீங்கள் முன்னுக்குப் போங்கோ. நாங்கள் இன்னும் கதைச்சு முடியேல்லை."

அந்த மனுசி இன்னொருமுறை தட்டக் கையைத் தூக்கினார்.

"தட்டாதேங்கோ," என்றேன்.