மூன்று தட்டு

டெல்பர்ட்டிடம் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "எல்லாம் அமோகம்." பள்ளிக்கூட பஸ் ஓட்டிய காலத்தில் பனியில் சறுக்கிப் பள்ளத்தில் இறங்கியபோதும் ரேடியோவில் அதையேதான் சொன்னார். வேலிக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் எல்டன், இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், இப்போதெல்லாம் கேள்வியோடு பதிலையும் தானே சொல்லிவிடுவார்: "என்னடா டெல்பர்ட், எல்லாம் அமோகமா?"

அந்தக் குளிர்காலம் முழுக்க டெல்பர்ட் கொட்டகையில் நின்று ஒரு பழைய அலுமினிய ட்ரெய்லரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவரும் மனைவி வெர்லாவும் பண்ணை ஏலத்தில் எடுத்த வண்டி அது. பிக்கப் லாரியின் பின்னால் மாட்டி இழுத்துப்போய், பிடித்த இடத்தில் நிறுத்தி, உள்ளேயே சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கி ஊர் ஊராகச் சுற்றலாம் என்று அப்போது வெர்லாவுக்கு ஒரே ஆசை. விச்சிட்டா விமானத் தொழிற்சாலையில் அவள் இறக்கைத் தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகளை அடிக்கிறவள். அவள் கை பட்ட இறக்கைகள் கடல் தாண்டிப் பறந்துகொண்டிருக்க, அவள் பக்கத்து மாநிலத்து ஒமாஹாவைத் தாண்டியதில்லை. "அடுத்த கோடைக்குப் போவோம்" என்பார் டெல்பர்ட். கோடைகள் போயின. வண்டி மரத்தடியிலேயே நின்றது. எலிகள்தான் குடும்பம் நடத்தின.

இப்போது வெர்லா வீட்டில் இல்லை. பக்கத்து ஊரான எல்டொராடோவில் தங்கை ட்வைலாவுடன் இருக்கிறாள். அவளைத் திரும்ப வரவைக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தத் தேய்ப்பு. ஜூன் மாதம் கொலராடோ மலையடிவாரத்தில் பழைய ட்ரெய்லர்காரர்கள் கூடுவார்கள். அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அங்கே போய் இறங்க வேண்டும். மனிதர் ராத்திரி கண்ணை மூடினால் இதே கனவுதான்.

மார்ச் மாதம், காற்று ஆளைத் தூக்கிக்கொண்டு போகிற ஒரு மத்தியானம், ட்வைலாவின் காரில் வெர்லா வந்து இறங்கினாள். டெல்பர்ட் கொட்டகைக் கதவை இழுத்துத் திறந்தார். வெயில் தகட்டில் பட்டு இருவர் கண்ணும் கூசியது.

"எப்படி?"

வெர்லா கிட்டே போய்ப் பார்த்தாள். காற்றில் கலைந்த தன் நரைமுடியைத் தகட்டில் பார்த்தே சரி செய்துகொண்டாள். "இதுல பாத்து நீ ஷேவிங்கே பண்ணிக்கலாம் போல இருக்கே" என்றாள். டெல்பர்ட்டுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அடுத்து அவள் உள்ளே ஏறினாள். நேராகப் பின்மூலைக்குப் போய், குதிகாலால் தரையை ஓர் அழுத்து அழுத்தினாள். பாலில் ஊறிய ரொட்டி மாதிரி பலகை உள்வாங்கியது.

"இது என்னய்யா?"

"கொஞ்சம் ஈரம். ஓரத்துல மட்டும்தான்."

"ஓரத்துல மட்டுமா? என் காலு மண்ணைத் தொடுது! உள்ள எல்லாம் அழுகிக் கிடக்கு, நீ வெளிய உட்கார்ந்து மினுக்கிக்கிட்டு இருந்திருக்க. உலகத்துல யாராவது முதல்ல பாலிஷ் போடுவாங்களா? ஒழுகலை அடைக்கணும், தரையைப் பிரிக்கணும், கடைசியிலதான் பாலிஷ். நீ மாறவே மாட்ட டெல்பர்ட். நெஞ்சையும் இப்படித்தானே பூசி மெழுகின."

இதயக் குழாயில் அடைப்பு இருக்கிறது என்று டாக்டர் சொன்னதை அரை வருஷம் அவளிடம் மறைத்து, "வெறும் வாயு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தவர் அவர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். சர்ச் விருந்தில், கையில் தட்டோடு, எல்லார் முன்னாலும் விழுந்தார். வெர்லா ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தாள். வீட்டுக்குக் கூட்டிவந்து, நடக்கவைத்து, ஃபிரீசர் நிறையச் சமைத்து வைத்துவிட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டாள். "நீ செத்திருந்தா, உனக்கு என்ன வியாதின்னு நான் அடுத்தவங்ககிட்ட கேட்டுத் தெரிஞ்சிருக்கணும்" என்று மட்டும் சொன்னாள். கத்தியிருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

அன்றும் அப்படியே காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். டெல்பர்ட் ஒருநாள் சும்மா உட்கார்ந்திருந்தார். மறுநாள் கடப்பாரையை எடுத்துத் தரையைப் பெயர்க்க ஆரம்பித்தார். உள்பக்கத் தகடுகளைக் கழற்றினார், எலிக்கூடுகளை அள்ளிக் கொட்டினார். வெளித்தகடு விட்டுப்போன இடங்களில் கடையில் விற்கிற, ஒற்றை ஆளே வெளியிலிருந்து அடித்துவிடக்கூடிய பாப் ரிவெட்டை வைத்து அடித்தார்.

சனிக்கிழமை காலை பார்த்தால், வெர்லா பழைய தொழிற்சாலைப் பையோடு வாசலில் நிற்கிறாள்.

"உனக்காக வந்தேன்னு நெனச்சுக்காத. ட்வைலா இந்தப் பக்கம் வந்துட்டு வந்து சொன்னா, நீ பாப் ரிவெட் அடிக்கறன்னு. கேட்டதுலேருந்து தூக்கம் வரல எனக்கு. அதெல்லாம் பிடுங்கு."

உண்மையான ரிவெட் ஒற்றை ஆளால் ஆகாத வேலை. வெளியே ஒருவர் காற்றழுத்தத் துப்பாக்கியால் ரிவெட்டின் தலையில் அடிக்க வேண்டும். உள்ளே ஒருவர் அதன் வாலுக்கு இரும்புக் கட்டையை அணைத்துப் பிடிக்க வேண்டும். நடுவில் தகடு. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. தொழிற்சாலைச் சத்தத்தில் வெர்லாவுக்கு ஒரு காது எப்போதோ போய்விட்டது. அதனால் அங்கே பழகிய முறையையே இங்கேயும் வைத்தாள். உள்ளிருந்து ஒரு தட்டு தட்டினால், இன்னும் அடி. இரண்டு தட்டு, சரி. மூன்று தட்டு என்றால் ரிவெட் கெட்டுவிட்டது, துளைத்து எடு.

முதல் நாள் முழுக்க மூன்று தட்டுதான். "நீ ரிவெட் அடிக்கிறியா, பாம்பு அடிக்கிறியா?" என்று உள்ளிருந்து குரல் வரும். வாரா வாரம் வந்தாள். ஏப்ரலில் இரண்டு தட்டுகள் அதிகமாயின. முப்பத்தாறு வருஷக் குடித்தனத்தில் இவ்வளவு தெளிவாக அவர்கள் பேசிக்கொண்டதே இல்லை என்று டெல்பர்ட்டுக்குத் தோன்றியது. மத்தியானம் படியில் உட்கார்ந்து, அவள் கொண்டுவரும் பீராக்கை, அந்தக் கறியும் முட்டைக்கோசும் அடைத்த பன்னை, சுடச்சுடத் தின்பார்கள்.

பின்ஜன்னலுக்கு மேலே இருந்த தகட்டுக்கு வந்தபோது ஒரு விஷயம் நடந்தது. வண்டியிலேயே மிக நன்றாகப் பளபளத்தது அந்தத் தகடுதான். ஜனவரி முழுவதையும் அவர் அதற்கே கொடுத்திருந்தார். வெர்லா அதன் மூட்டில், ஒழுகாமல் அடைக்கப் பசை தடவியிருந்த இடத்தில், விரலை ஓட்டினாள்.

"பழைய பசையைச் சுரண்டிட்டுத்தானே புதுசு வெச்ச?"

ஆமாம் என்று டெல்பர்ட் தலையை ஆட்டினார். சுரண்டவில்லை. சுரண்டினால் தகட்டில் கீறல் விழும். காய்ந்து வெடித்த பழைய பசையின் மேலேயே புதுப் பசையைத் தடவியிருந்தார். தலையாட்டுவது எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

மே மாதக் கடைசியில் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டார். "ஜூன் கூட்டத்துக்கு வர்றியா?"

வெர்லா கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தாள். "உள்தகடு மாட்டறதுக்கு முன்னாடி தண்ணி விட்டுப் பாப்போம். நான் மேல ஏறி குழாயைப் பிடிக்கறேன், ஏணி உனக்கு ஆகாது. நீ உள்ள நின்னு பாரு. ஒரு சொட்டு விழலேன்னா வர்றேன். ஒரே ஒரு சொட்டு விழுந்தாலும் வரல. சரியா?"

"சரி."

"உள்ளேருந்து நீதான் தட்டணும். ரெண்டு தட்டுன்னா காஞ்சிருக்கு. மூணுன்னா ஒழுகுது."

சோதனை நாளன்று அவள் ரேடியோவில் பேஸ்பால் ஆட்டத்தைப் போட்டுவிட்டு, ஏணியில் ஏறி, தோட்டக் குழாயைத் திறந்தாள். மூன்று இன்னிங்ஸ் முடியும்வரை, சுமார் ஒரு மணி நேரம், தண்ணீர் என்று பேச்சு. டெல்பர்ட் டார்ச்சை வைத்துக்கொண்டு மூட்டு மூட்டாகப் பார்த்தபடி நின்றார். கூரையில் தண்ணீர் தடதடத்தது. முன்பக்கம், காய்ந்திருந்தது. கதவோரம், காய்ந்திருந்தது. அவர் அடித்து அவள் அணைத்துப் பிடித்து, வரிசை வரிசையாக நின்ற ரிவெட் ஒன்றுகூடக் கசியவில்லை. மூன்றாவது இன்னிங்ஸ் முடியப் போகிற சமயத்தில் பின்ஜன்னலின் மேல்மூலையில் ஒரு சொட்டு திரண்டது.

டெல்பர்ட் அதைப் பார்த்தார். கை தானாகப் போய்ச் சட்டைக்கையால் துடைத்தது. எந்த யோசனையும் இல்லை. அத்தனை வருஷப் பழக்கம். மேலே தண்ணீர் நின்றது. "என்ன?" என்று வெர்லா கூப்பிட்டாள்.

அவர் முஷ்டியைத் தூக்கினார். ஒரு தட்டு தட்டினார். இரண்டாவதும் தட்டினார். இத்தோடு நிறுத்தினால் ஜூன், கொலராடோ, பக்கத்து சீட்டில் வெர்லா. மழை பெய்கிற அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம். ஈரச் சட்டைக்கை மணிக்கட்டில் சில்லென்று ஒட்டிக்கொண்டிருந்தது. மூலையில் இன்னொரு சொட்டு மெல்லத் திரண்டுகொண்டிருந்தது. இவளிடம் இன்னும் எத்தனை தடவை மறைப்பது?

மூன்றாவது தட்டு தகடே அதிரும்படி விழுந்தது.

வெளியே வந்தபோது வெர்லா ஏணியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள்.

"எங்க?"

"பின்ஜன்னலுக்கு மேல."

"அங்கதான் சுரண்டிட்டு வெச்சேன்னியே."

"சுரண்டல. கீறல் விழுமேன்னு பழசு மேலயே தடவிட்டேன். நீ கேட்டப்போ பொய்யாத் தலையாட்டினேன்." ஈரச் சட்டைக்கையை நீட்டிக் காட்டினார். "இப்பவும் முதல் சொட்டைத் துடைச்சுட்டேன். நான் தட்டினது ரெண்டாவதுக்கு."

குழாய் அவள் காலடியில் கிடந்து சேறு செய்துகொண்டிருந்தது. அவள் அதை மூடவில்லை.

"வேற?" என்றாள்.

வேற ஒண்ணுமில்ல, எல்லாம் அமோகம் என்ற பதில் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினார்.

"போன வாரம் தரைப்பலகை தூக்கும்போது நெஞ்சைப் பிடிச்சுது. ரெண்டு தடவை. உட்கார்ந்ததும் சரியாயிடுச்சு. டாக்டருக்குச் சொல்லல. உனக்கும் சொல்லல."

வெர்லாவின் முகம் வெளுத்தது. ஏணியைப் பிடித்துக்கொண்டாள். "வேற?"

"வீட்டுச் சமையலறைக் கூரையில கறை திரும்பவும் வந்திருக்கு. மேல அடிக்கப் பெயின்ட் வாங்கி வெச்சிருக்கேன்."

"வேற?"

டெல்பர்ட் நன்றாக யோசித்தார். "போன சனிக்கிழமை நீ கொண்டுவந்த பீராக்குல உப்பு ஜாஸ்தி."

"அதைத்தானே நாலு தின்ன!"

"பிடிச்சுதான் தின்னேன். ஆனாலும் உப்பு."

வெர்லாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே கண்ணிலும் தண்ணீர் வந்தது. மணிக்கட்டால் துடைத்துக்கொண்டாள். அவளை அப்படிப் பார்த்த டெல்பர்ட், பயமும் சந்தோஷமும் சேர்ந்து எதுவென்று பிரிக்கத் தெரியாமல் நின்றார்.

"கேட்டுக்கோ" என்றாள். "ஒரு சொட்டு விழுந்தா வரமாட்டேன்னு சொன்னேன். சொன்னா சொன்னதுதான். ஜூன் கூட்டத்துக்கு நான் வரல."

"சரி" என்றார். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொல்ல முடிந்தது.

வெர்லா அவரைத் தாண்டிப் போய் டிரில்லை எடுத்தாள். நேராக, பின்ஜன்னலுக்கு மேல் கண்ணாடி போலப் பளபளத்த அந்தத் தகட்டின் முன்னால் நின்று, முதல் ரிவெட்டின் தலையில் வைத்து அழுத்தினாள். டிரில் முனை வழுக்கி, ஜனவரி மாசத்துப் பளபளப்பின் குறுக்கே ஒரு முழ நீளத்துக்குக் கோடு இழுத்தது. தனக்கு வலிக்கும் என்று டெல்பர்ட் நினைத்தார். வலிக்கவில்லை.

"இனிமே நீ இதைப் பூச முடியாது பாரு" என்று சொல்லி ரிவெட்டைப் பிடுங்கித் தூக்கிப் போட்டாள். "இந்தத் தகட்டைக் கழற்றிச் சுரண்டி மாட்டறதுக்குள்ள ஜூன் போயிடும். அப்புறம் வீட்டுக் கூரை. செப்டம்பர்ல ஆரிகன் கடற்கரையில ஜனக்கூட்டம் குறைவா இருக்கும்னு ட்வைலா சொன்னா. கடலை நான் பாத்ததே இல்ல."

டெல்பர்ட் நிமிர்ந்தார்.

"ஏன்யா நிக்கற? ஈரச் சட்டையை மாத்திட்டு வந்து கார்ல ஏறு. இப்பவே ஆஸ்பத்திரிக்கு. நான்தான் ஓட்டுவேன். எங்கிட்ட சொன்ன மாதிரியே டாக்டர்கிட்டயும் ஒண்ணு விடாம நீயே சொல்லணும். பீராக்கை மட்டும் விட்டுடு."

அவள் சாவியை எடுக்க வீட்டுக்குள் போனாள். தன் வீட்டுக்குள் போகிறவள் மாதிரியே, கதவைத் தட்டாமல் போனாள். டெல்பர்ட் குனிந்து குழாயை மூடினார்.

வேலிக்கு அப்பால் எல்டனின் தொப்பி தெரிந்தது. "என்னடா டெல்பர்ட், வண்டி ஒழுகலையே? எல்லாம் அமோகம்தானே?"

"ஒழுகுதுடா!" டெல்பர்ட் கையை ஆட்டிக்கொண்டு கத்தினார். "நல்லாவே ஒழுகுது!"